பிரான்ஸ் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள்: எந்த வழி, எந்த மண்?

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2024

மே மாதம் ஒரு வாரம் விடுமுறை. பாரிஸ் பக்கத்திலிருந்து தெற்கே ஓவெர்ன் மலைகளை நோக்கி சைக்கிளில் போக ஆசை. ஒரு செயலியில் "கிராவல்" (மண், சரளைப் பாதைகளில் ஓட்டுவது) என்று அழுத்தினேன், நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பிரான்ஸில் கிராமத்துத் தார்ச்சாலைகளே காலியாகத்தானே கிடக்கின்றன? தடித்த டயரும் தனி சைக்கிளும் வீண் செலவு என்றே நினைக்கிறேன். எப்படியானாலும் மண்பாதை எல்லாம் ஒன்றுதானே, இந்தக் கோட்டிலேயே போய்விடலாமா?

11 பிப்ரவரி 2024, இரவு

தார்ச்சாலை பற்றிச் சொன்னது பாதி சரி. "டி" என்று தொடங்கும் எண் போட்ட சின்னச் சாலைகளில் காலை நேரத்தில் அரைமணிக்கு ஒரு கார் வந்தால் அதிகம். ஆனால் வருகிற அந்த ஒரு கார் 80 கி.மீ. வேகத்தில் வரும். ஓரத்தில் ஒதுங்க இடம் இருக்காது. அதைவிட முக்கியம், நல்ல காடுகளுக்குள்ளும் கால்வாய்க் கரைகளிலும் மலை முகடுகளிலும் தார் போடவே இல்லை. அங்கே போகத்தான் கிராவல் சைக்கிள்.

"மண்பாதை எல்லாம் ஒன்றுதானே" என்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை. பிரான்ஸில் அரை நாள் மிதித்தால் காலடியில் இருக்கும் பாறை மாறிவிடும். பாறை மாறினால் பாதை மாறும். மழை பெய்த மறுநாள் ஒரு பாதை காய்ந்து கிடக்கும், 40 கி.மீ. தள்ளி இன்னொன்று முழங்கால் சேறாக இருக்கும். செயலிக்கு இரண்டும் ஒரே நிறக் கோடு.

நான் வழி போடும்போது முதலில் பார்ப்பது நிலவியல் வரைபடம். பிரான்ஸின் நிலவியல் ஆய்வு நிறுவனமான பே.எர்.ஜே.எம். 1:50,000 அளவில் நாடு முழுக்க வரைந்து வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.  நிறங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். களிமண்ணா, மணலா, சுண்ணாம்புக்கல்லா, கிரானைட்டா, இந்த நான்கு தெரிந்தால் போதும்.

12 பிப்ரவரி 2024

நேற்றுச் சொன்னதை இன்னும் விரித்து எழுதுகிறேன்.

கிரானைட் நாடு என்றால் மொர்வான், லிமூசான், மார்ஜரீட். அங்கே கிரானைட் பல யுகமாகச் சிதைந்து சொரசொரப்பான மணலாகியிருக்கிறது. தண்ணீர் அதில் நிற்காது, உள்ளே இறங்கிவிடும். மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் ஓட்டலாம். பிரான்ஸில் எனக்கு மிகவும் பிடித்த தரை இதுதான்.

சுண்ணாம்புக்கல் நாடு என்றால் ஷாம்பேன் பக்கம், பர்கண்டியின் திராட்சைச் சரிவுகள், தெற்கே கோஸ் பீடபூமிகள். காய்ந்தால் வெள்ளை வெளேரென்று, இறுக்கமாக, வேகமாக இருக்கும். ஆனால் அதோடு களிமண் கலந்த இடங்களில் மழை பெய்தால் வழுக்கும்.

களிமண்ணும் வண்டலும் உள்ள சமவெளி என்றால் பாரிஸைச் சுற்றியுள்ள பிரி, போஸ். கோதுமைக்கு அருமையான மண். சைக்கிளுக்கு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வேண்டவே வேண்டாம். செவெனில் ஷிஸ்ட் என்கிற தகடு தகடாக உடையும் பாறை, அதன் விளிம்பு கத்தி. நார்மண்டியின் கோ பகுதியில் களிமண்ணுக்குள் சிக்கிமுக்கிக் கல், டயரை அறுக்கும், அதிலும் ஈரமாக இருக்கும்போது இன்னும் மோசம். லாந்தில் வெறும் மணல்.

உங்கள் கோடு முதல் நாள் முழுக்க பிரி பகுதியின் களிமண்ணில் போகிறது. மே மாதம் காய்ந்திருக்கலாம். காயாமலும் இருக்கலாம்.

12 பிப்ரவரி 2024, கொஞ்ச நேரம் கழித்து

வரைபடம் எது என்று கேட்டிருக்கிறார்கள். பிரான்ஸின் தேசிய வரைபட நிறுவனமான ஈ.ஜே.என். வெளியிடும் 1:25,000 வரைபடம்தான் இன்னும் அடிப்படை. அதில் விட்டு விட்டுப் போகும் மெல்லிய கோடு காலடிப் பாதை, அதை நம்பிச் சுமையோடு போக வேண்டாம். கூடவே பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதில் மண்பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 என்றால் கெட்டித் தரை, 5 என்றால் வயலுக்குள் இரண்டு சக்கரத் தடம். 1 முதல் 3 வரை உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். தரமே குறிக்காத பாதைகளை வான்படத்தில் ஒருமுறை பார்த்துவிடுவேன். வெள்ளையாகத் தெரிந்தால் கல், நடுவில் பச்சைக் கோடு ஓடினால் புல், பழுப்பாக இருந்தால் மண்.

25 பிப்ரவரி 2024

"கால்வாய்க் கரை எல்லாம் மழமழவென்று இருக்கும், சைக்கிள் பயணத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தக் கால்வாய் என்று கேட்க வேண்டும்.

போர்தோ பக்கத்திலிருந்து துளூஸ் வரை வரும் கரோன் கால்வாயில் கரைப்பாதை தார். துளூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் "மிதி" (Midi) கால்வாயில் முதல் 50 கி.மீ. அளவுக்கும் நல்ல தரை. ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. பல இடங்களில் பாதை கையளவு அகலம், மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாக. பியேர்-போல் ரிக்கே 1666-இல் தொடங்கி, 1681-இல் முடிந்த கால்வாய் அது. 240 கி.மீ. நீளம், 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நோரூஸ் என்ற இடத்தில் அட்லாண்டிக் பக்கமும் மத்தியதரைக் கடல் பக்கமும் தண்ணீர் பிரிகிறது. கடல்மட்டத்திலிருந்து 189 மீட்டர்தான். ஒரு நாட்டின் இரண்டு கடல்களுக்கு நடுவிலுள்ள உச்சி அவ்வளவு தாழ்வாக இருப்பதை அங்கே நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் நிழலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. கரையோரம் இருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. ஒரு பூஞ்சை நோய். 2006-இல் கால்வாயில் கண்டுபிடித்தார்கள், மருந்து கிடையாது, தாக்கிய மரத்தை வெட்டி எரிப்பதுதான் ஒரே வழி. புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். ஜூலை வெயிலில் அந்தக் கன்றுகளுக்கு நடுவே ஓட்டுவது கடினம்.

நாந்த்–பிரெஸ்ட் கால்வாய் வேறு மாதிரி. 364 கி.மீ., 230-க்கும் மேற்பட்ட மதகுகள், கரைப்பாதை பெரும்பாலும் இறுகிய மணல்சரளை. ஆங்கிலேயக் கப்பல்களின் முற்றுகையைத் தவிர்க்க நெப்போலியன் காலத்தில் யோசித்தது. குளொமெல் அருகே உள்ள பெரிய வெட்டை 1820களில் தண்டனைக் கைதிகளை வைத்துத் தோண்டினார்கள். இன்று அந்த வெட்டுக்குள் மரநிழலில் அமைதியாகப் போகும்போது அது நினைவுக்கு வந்தால் மிதி தானாகவே மெதுவாகிவிடும். கெர்லெதான் அணை 1930-இல் முடிந்தபோது கால்வாயின் ஒரு பகுதியே நீரில் மூழ்கிவிட்டது, அதனால் அங்கே கரையை விட்டு விலகிச் சுற்ற வேண்டும். முதன்முதலாகச் சுமையோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

10 மார்ச் 2024

நேற்று பிரியில் ஓட்டிவிட்டு வந்தேன், சும்மா தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க. வயலோரப் பாதையில் 200 மீட்டர் போவதற்குள் மண் டயரில் ஒட்டி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. உடன் வந்த நண்பரின் சைக்கிளில் இடைவெளி இன்னும் குறைவு. கார்பன் ஃபிரேமில் மண்ணோடு சேர்ந்த சிறுகல் பெயின்டைச் சுரண்டிவிட்டது. குச்சியால் சுரண்டுவதும் தள்ளுவதுமாக மதியம் போனது.

ஆகவே டயர் வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 45 மி.மீ. டயர் நுழைகிறது என்று கடையில் சொல்வார்கள். நுழைந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லையென்றால் 40-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நேர்க்கோடாகப் போகும் வயல் பாதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் முழுக்கத் துண்டு நிலங்களை ஒன்றாக்கும் திட்டம் நடந்தது. வேலிகளைப் பிடுங்கினார்கள், பழைய வளைந்த பாதைகளை அழித்தார்கள், டிராக்டருக்காக நேரான கல்பாதைகள் போட்டார்கள். ஷாம்பேனில் அவை வேகமாக ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் எதிர்க்காற்று அடித்தால் ஒதுங்க ஒரு புதர்கூட இருக்காது. மேற்கே வேலி மிஞ்சிய பகுதிகளில் பழைய பள்ளப்பாதைகள் உண்டு. இரண்டு பக்கமும் மரம், நடுவே ஆண்டுக்கணக்கில் வண்டி ஓடித் தாழ்ந்த தடம். ஆகஸ்டில் சொர்க்கம், மார்ச்சில் ஓடை.

7 ஏப்ரல் 2024

சரி, கேட்டவருக்கு ஒரு முழு வழி. ஓவெர்னை இந்த முறை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாள் களிமண்ணையும் பாரிஸ் புறநகரையும் கடப்பதற்கே போய்விடும். பாரிஸ் பெர்சி நிலையத்தில் ரயிலேறி அவலோனில் இறங்குங்கள். அங்கிருந்து மொர்வான் தொடங்குகிறது, அதாவது கிரானைட் தொடங்குகிறது.

அவலோன், கரே-லெ-தோம்ப், சென்-பிரிசோன், செத்தோன் ஏரி. பிறகு அனோஸ்த், ஓ-ஃபோலான், மோன் பெவ்ரே, கடைசியில் எத்தான்-சூர்-அரூ ரயில் நிலையம். ஓ-ஃபோலான் மொர்வானின் உச்சி, 901 மீட்டர். உயரத்தைப் பார்த்து எளிது என்று நினைக்க வேண்டாம். மொர்வானில் சமதரை என்று ஒன்று கிடையாது, நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பீர்கள். முன்பல்சக்கரத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ பின்பல்சக்கரம் இருக்கட்டும்.

பாதைகள் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கின்றன என்றால், மரத்துக்காகப் போட்டவை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து மொர்வான் விறகைத்தான் பாரிஸ் எரித்தது. கட்டைகளை ஓடைகளில் மிதக்கவிட்டு, கிளாம்சியில் தெப்பமாகக் கட்டி, யோன் ஆற்றிலும் சேன் ஆற்றிலும் இறக்கினார்கள். செத்தோன் ஏரியே அதற்குத் தண்ணீர் விட 1850களில் கட்டிய அணைதான். இப்போது டக்ளஸ் ஃபிர் மரங்கள், பெரிய லாரிகள், அவற்றுக்கான அகலமான சரளைச் சாலைகள். ஒரு மலைச்சரிவை ஒரேயடியாக மொட்டையடித்த இடங்களும் வழியில் வரும். உள்ளூரில் இதைப் பற்றிக் கோபமான விவாதம் பல ஆண்டாக நடக்கிறது, எனக்கும் அந்த இடங்களைக் கடக்கும்போது மனசு கனக்கும். லாரி வேலை நடக்கும் நாளில் பாதை உழுத வயலாக இருக்கும், அதனால் மாற்று வழி ஒன்று கையில் வேண்டும்.

மோன் பெவ்ரே உச்சியில் பிப்ராக்த் என்ற பழைய கோட்டை நகரம் இருந்தது. கி.மு. 52-இல் ரோமரை எதிர்த்த வெர்சின்ஜெத்தோரிக்ஸைக் கோல் (அன்றைய பிரான்ஸ்) மக்களின் தலைவராக உறுதி செய்த இடம். அங்கே அரை நாள் நில்லுங்கள்.

எத்தானிலிருந்து ரயிலில் ஷாஞி. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஜிவ்ரி. ஜிவ்ரியிலிருந்து குளூனிக்குப் பழைய ரயில் தடத்தில் 44 கி.மீ. இது தார். 1997-இல் திறந்தது, பிரான்ஸில் இந்த வகைப் பசுமைப் பாதைகளுக்கு முன்னோடி. மொர்வான் முடித்த கால்களுக்கு அந்தத் தார் நிஜமாகவே தேவைப்படும். குளூனிக்கு அப்பால் மாக்கோன் போகும் வழியில் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா-கிளேர் சுரங்கம். வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மே மாதம் திறந்திருக்கும். உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

8 ஏப்ரல் 2024

குழந்தைகளோடு போகிறவர் கேட்டதற்கு: ஆர்தேஷில் உள்ள டோல்ச்சே வியா. லா வூல்த்தில் ரோன் நதிக்கரையில் தொடங்கி, எரியூ பள்ளத்தாக்கில் ஏறி, லெ ஷெலாரில் பிரிந்து சென்-அக்ரேவுக்கும் லமாஸ்த்ருக்கும் போகிறது. மொத்தம் சுமார் 90 கி.மீ., பெரும்பகுதி இறுகிய மண்தரை. நீராவி ரயில் ஏறிய தடம் என்பதால் சரிவு மென்மை. கார் கிடையாது, பாலங்களும் சுரங்கங்களும் நிறைய.

26 மே 2024

கேட்டவர் மொர்வான் போய் வந்துவிட்டார், தரை பிடித்தது என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் திங்கட்கிழமை ரொட்டி கிடைக்காமல் அலைந்ததைப் படித்தபோது இதை முன்பே எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

பிரெஞ்சுக் கிராமத்தில் திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எல்லாமே மூடல். வாரநாளிலும் 12:30-க்குக் கதவு சாத்தினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். கடையே இல்லாத கிராமங்கள் ஏராளம். சில ஊர்களில் நகரமன்றத்துக்குப் பக்கத்தில் ரொட்டி தரும் தானியங்கி இயந்திரம் இருக்கும், சில்லறைக் காசு வைத்திருங்கள். நான் எப்போதும் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் வாங்கிய எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் முன்பையில் போட்டுவைப்பேன். உருகாது, நசுங்காது, மூன்று மணி நேரம் பசி தாங்கும்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். பிரான்ஸில் அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் பூச்செடிகளுக்காக ஒரு குழாய் உண்டு. சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, அமைதியாகப் போய் நிரப்பிக்கொள்வது வழக்கம். "குடிநீர் அல்ல" என்ற பலகை இருந்தால் நிரப்ப வேண்டாம். குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கச் சில இடங்களில் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள்.

இது கோஸ் மெஜானில் உயிர்ப் பிரச்சினை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பீடபூமி. பெய்யும் மழை முழுக்க விரிசல்கள் வழியாகக் கீழே போய்விடும், மேலே ஓடை கிடையாது, மரமும் குறைவு. ஆடுகளுக்காகக் கல் பதித்த குட்டைகள் உண்டு, அது நமக்கான தண்ணீர் இல்லை. அங்கே போனால் மூன்று லிட்டருக்குக் குறையாமல் சுமக்க வேண்டும். சுமந்து போனால் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. தலைக்கு மேல் ஜோந்த் பள்ளத்தாக்கின் கழுகுகள், 1980களில் மீண்டும் கொண்டுவந்து விட்டவை. வெள்ளைப் பாதை அடிவானம் வரை. பெர்ஷ்வால்ஸ்கி குதிரைக் கூட்டமும் வேலிக்கு அப்பால் மேய்கிறது.

8 ஜூலை 2024

நேற்று டூர் த பிரான்ஸ் பார்த்தீர்களா? த்ருவாவிலிருந்து த்ருவாவுக்கே திரும்பும் ஒன்பதாம் கட்டம், 14 வெள்ளைப்பாதைத் துண்டுகள், சேர்த்தால் 32 கி.மீ. அந்தோனி துர்ஜிஸ் வென்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அந்தப் புழுதியை நான் மூக்கில் வாங்கியிருக்கிறேன். 2022-இல் பெண்கள் டூரின் நான்காம் கட்டம் த்ருவாவிலிருந்து பார்-சூர்-ஓபுக்கு இதே வெள்ளைப் பாதைகளில் போனது. அன்று மார்லென் ரொய்சர் தனியாகப் போய் வென்றதை இப்போது யாரும் பேசுவதில்லை. ஆண்கள் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே பெண்கள் அங்கே ஓட்டிவிட்டார்கள்.

அந்த வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். பார்-சூர்-ஓப் சரிவுகளில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பு கலந்த களிமண்ணும். சாப்லி திராட்சைத் தோட்டங்களின் அடியில் இருப்பதும் இதே வகைதான். வடக்கே எப்பர்னே, ரேன்ஸ் பக்கம் இருப்பது வேறு, அது கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் போன்ற பாறை. இரண்டையும் தொலைக்காட்சியில் ஒன்றாகச் சேர்த்துச் "ஷாம்பேன் பாதைகள்" என்றார்கள், ஆனால் மழையில் இரண்டும் வேறு வேறாக நடந்துகொள்ளும். சாக்பீஸ் பாறை நனைந்தால் கிரீஸ் பூசிய மாதிரி வழுக்கும்.

நீங்களும் ஓட்டலாம். த்ருவாவில் இறங்கி பார்-சூர்-ஓப் வரை ஒரு நாள் தாராளம். செப்டம்பர் அறுவடைக் காலத்தில் மட்டும் போக வேண்டாம், அந்தப் பாதைகள் அப்போது வேலை செய்கிறவர்களுக்குச் சொந்தம்.

21 ஜூலை 2024

தெற்கே போகிறவர்களுக்கு. பைன் காடுகளில் நீங்கள் பார்க்கும் நல்ல சரளைச் சாலைகளில் பலவற்றுக்கு டி.எஃப்.சி.ஐ. என்று பலகை இருக்கும். காட்டுத்தீ வந்தால் தீயணைப்பு வண்டி போக வெட்டியவை. மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருக்கும், சைக்கிளுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் கோடையில் காட்டையே மூடுவார்கள். மார்செய் இருக்கும் மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு நாளும் நிறம் போட்டு அறிவிக்கிறார்கள். சிவப்பு என்றால் உள்ளே போகக் கூடாது. முந்தின நாள் மாலை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

2022 ஜூலையில் ஜிரோந்தில் இரண்டு தீயில் மட்டும் 20,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. அதற்குப் பிறகு லாந்திராஸ் பக்கம் ஓட்டினேன். பல கிலோமீட்டருக்குக் கறுப்புக் குச்சிகள், நடுவே அந்தச் சாலை மட்டும் அப்படியே. காட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து நின்று சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட் 2024

ஆல்ப்ஸ். இது கிராமப்புறம்தானா என்று விவாதிக்கலாம், ஆனால் பார்பயோனை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அம்ப்ருனுக்கும் உபாய் பள்ளத்தாக்குக்கும் நடுவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவம் போட்ட மலைச்சாலை. உச்சியில் சுமார் 2,640 மீட்டர் உயரத்தில் 500 மீட்டருக்கும் அதிகமான சுரங்கம், இரண்டு முனையிலும் இரும்புக் கதவு. உள்ளே இருட்டு, சேறு, ஜூலையிலும் பனிக்கட்டி. பலமான விளக்கு வேண்டும்.

தெற்கே தாந்த் கணவாய்க்கு ஏறும் பழைய மண்சாலையில் 46 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருக்கும் கோட்டைகள் இத்தாலி கட்டியவை. அந்தப் பகுதி 1947-இல்தான் பிரான்ஸுக்கு வந்தது. 2020 அக்டோபர் புயலில் கீழே ரோயா பள்ளத்தாக்கு பலமாகச் சேதமானது, அதனால் வழி திறந்திருக்கிறதா என்று உள்ளூரில் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

நாய்கள். ஓநாய் 1992-இல் மெர்காந்தூரில் திரும்பி வந்ததிலிருந்து ஆட்டுமந்தைகளுடன் "பத்தூ" என்கிற பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கின்றன. குரைத்துக்கொண்டு ஓடி வரும். வேகமாகத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கிவிடுங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பார்க்காமல், மெதுவான குரலில் ஏதாவது பேசிக்கொண்டே, மந்தையை நன்றாகச் சுற்றி நடந்து போங்கள். நான் தமிழில்தான் பேசுவேன், "சரிடா கண்ணு, போறேன், போறேன்" என்று. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

22 செப்டம்பர் 2024

வேட்டைக்காலம் தொடங்கிவிட்டது. பிப்ரவரி இறுதிவரை இருக்கும், தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். காட்டுப்பன்றிக்குக் கூட்டு வேட்டை நடக்கும்போது சாலையோரம் பலகை வைப்பார்கள். பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுவது என் பழக்கம். ஞாயிறு காலை காட்டைத் தவிர்த்துக் கால்வாய்க் கரைக்குப் போகிறேன். 2018 அக்டோபரில் ஓத்-சவ்வாவில் மலைச்சைக்கிள் ஓட்டிய ஒருவர் வேட்டைக்காரரின் குண்டில் இறந்தார். பளிச்சென்ற ஆரஞ்சு உடை போடுங்கள், குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கூடவே சட்டம். கிராமப் பொதுப் பாதை ஊராட்சிக்குச் சொந்தம், எல்லோரும் போகலாம். பண்ணைப் பாதை தனியாருடையது, திறந்து விட்டிருந்தால் போகலாம், உரிமையாளர்கள் மூடினால் போக முடியாது. வரைபடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சோலோஞில் வேட்டைத் தோட்டங்களைச் சுற்றி உயரமான கம்பிவேலி போட்டு மான்கள்கூட நகர முடியாத நிலை வந்தபோது, 2023 பிப்ரவரி 2-இல் வேலிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, "தனியார் நிலம்" என்று அடையாளமிட்ட காட்டுக்குள் நுழைந்தால் 135 யூரோ அபராதம். வேலிக்குப் பதில் பலகை வந்துவிட்டது. ஷார்த்ரூஸ் மலையில் காலங்காலமாக நடந்த பாதைகளில் அப்படிப் பலகை நட்டதும் ஊர்மக்கள் போராடினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

13 அக்டோபர் 2024

டயர் பற்றிப் பிப்ரவரியில் வந்த "தடித்த டயர் வீண்" என்ற பேச்சுக்குத் திரும்ப வருகிறேன். இதை அமெரிக்காவிலிருந்து வந்த புதுமோகம் என்று பலர் நினைக்கிறார்கள். சென்-எத்தியேனில் "வெலோசியோ" என்ற பெயரில் எழுதிய போல் த விவி, 1853-இல் பிறந்து 1930-இல் இறந்தவர், பல கியர்கள் உள்ள சைக்கிளுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுக் கைவினைஞர்கள், ரெனே எர்ஸ், அலெக்ஸ் சேங்கர் போன்றவர்கள், 650பி என்ற கொஞ்சம் சிறிய அளவுச் சக்கரத்தில் அகலமான, மெல்லிய சுவருள்ள டயர் போட்டார்கள். காரணம் எளிது, அன்றைய மலைச்சாலைகள் மண்சாலைகள். தார் வந்ததும் டயர் மெலிந்தது, இப்போது மண்ணுக்குத் திரும்பியதும் தடிக்கிறது.

என் எண்ணம் இந்த ஆண்டில் கொஞ்சம் மாறியும் இருக்கிறது. முன்பு எல்லா இடத்துக்கும் 45 என்பேன். இப்போது கால்வாயும் பசுமைப் பாதையும் மட்டும் என்றால் 35 போதும், செவென் ஷிஸ்ட்டுக்கு 45-ம் போதாது, பக்கச்சுவர் கெட்டியான 50 வேண்டும் என்று நினைக்கிறேன். டியூப் இல்லாத டயரானாலும் ஒரு டியூபும், கிழிந்த இடத்தில் உள்ளே வைக்க ஒரு ரப்பர் துண்டும் எடுத்துப் போங்கள்.

10 நவம்பர் 2024

கேட்டவர் அடுத்த மே மாதத்துக்கு ஜெ.தே.எம்.சே. பற்றி விசாரிக்கிறார். பிரான்ஸின் நடுமலைநாடான மசீஃப் சாந்த்ராலைக் குறுக்காகக் கடக்கும் வழி, அவலோனிலிருந்து காப் தாக்த் கடற்கரை வரை சுமார் 1,400 கி.மீ. மலைச்சைக்கிளுக்காகக் குறித்தது, அதை மறக்க வேண்டாம். கல்படிகளும் வேர்களும் உள்ள துண்டுகளில் கிராவல் சைக்கிளைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மார்ஜரீட் கிரானைட்டில் தொடங்கி, லோசேர் மலை வழியாகக் கோஸ் மெஜானில் முடியுங்கள். மேயில் மார்ஜரீடில் இரவு இன்னும் உறையும், கையுறை வேண்டும். முதல் பாதி மழைக்குப் பயமில்லாத மணல், இரண்டாம் பாதி தண்ணீரில்லாத சுண்ணாம்பு. ஃப்ளோராக்கில் எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.